ஜெர்மனியின் ஹைடே நிலத்தில் நடைப்பயணம்

நாம் நடப்பது பெரும்பாலும் ஓரிடம் சேர்வதற்காக. வேலைக்கு நடக்கிறோம், கடைக்கு நடக்கிறோம், பேருந்து வராத நாளில் பள்ளிக்கு நடக்கிறோம். சேர வேண்டிய இடம் வந்ததும் நடை முடிந்துவிடுகிறது. ஜெர்மானியர் இவ்வாறு நடப்பதற்கு ஒரு சொல்லும், நிலத்தைக் காண்பதற்காகவே நெடுந்தொலைவு நடப்பதற்கு வேறொரு சொல்லும் வைத்திருக்கின்றனர். பின்னதை அவர்கள் 'வாண்டர்ன்' என்பர். தோளில் ஒரு பை, கையில் ஒரு நிலப்படம், காலில் உறுதியான காலணி. இவற்றோடு காடு மேடு கடந்து பகலெல்லாம் நடந்து, மாலையில் ஓர் ஊரை அடைந்து தங்குவது அதன் முறை.

இச்சொல் பழமையானது. கைத்தொழில் கற்கும் இளைஞன், ஆசானிடம் பயிற்சி முடித்தபின் ஊர் ஊராக நடந்து, பல பட்டறைகளில் வேலை செய்து, அனுபவம் பெற்றுத் திரும்ப வேண்டும் என்பது அந்நாட்டு மரபு. அவ்வாறு சுற்றிய ஆண்டுகளுக்கும் இச்சொல்லாலேயே பெயர் அமைந்தது. கருநிற உடையும் அகன்ற தொப்பியும் அணிந்து, மூன்று ஆண்டும் ஒரு நாளும் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பாமல் சுற்றும் தச்சர் சிலரை இன்றும் ஜெர்மானியச் சாலைகளில் காணலாம். ஆகவே, நடை என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு ஆவதற்கு முன்பே கல்வியாக இருந்தது.

இக்கட்டுரையில் நாம் காணப்போவது வட ஜெர்மனியில் உள்ள லூனபுர்க் ஹைடே என்னும் நிலப்பகுதி. அங்கு நடப்பவர் செடிவெளி, காடு, சதுப்பு ஆகிய மூவகை நிலங்களைக் காண்பர். மூன்றும் முதற்பார்வைக்கு மனிதக் கை படாத இயற்கையாகவே தோன்றும். ஆயினும் மூன்றிலும் மனிதன் கை ஆழமாகப் பட்டிருக்கிறது. ஓரிடத்தில் அவன் ஆக்கினான், ஓரிடத்தில் நட்டான், ஓரிடத்தில் அழித்தான். அதனை நிலத்திலேயே படித்தறியலாம் என்பதை விளக்குவதே நம் நோக்கம்.

நிலத்தின் அமைப்பு

ஹாம்பர்க், பிரேமன், ஹானோவர் ஆகிய மூன்று நகரங்களை நிலப்படத்தில் குறித்துக் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அம்முக்கோணத்தின் உள்ளும் அதன் கிழக்கிலுமாகப் பரந்து கிடப்பதே லூனபுர்க் ஹைடே. அதன் வடக்கில் எல்பே ஆறும் தெற்கில் ஆல்லர் ஆறும் ஓடுகின்றன.

பனியூழிக் காலத்தில் வடக்கே ஸ்காண்டினேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பெரும் பனிப்பாளங்கள் மணலையும் சரளையையும் பாறைகளையும் இழுத்துவந்து இங்கே குவித்தன. பனி உருகியபின் அவை மேடுகளாக நின்றன. அவற்றுள் உயர்ந்தது வில்சேடே மேடு. ஜெர்மானியர் அதனை மலை என்றே அழைக்கின்றனர். உயரமோ 169 மீட்டர்தான். ஆனால், சுற்றிலும் தாழ்ந்த சமவெளி ஆதலின் அதன் உச்சியிலிருந்து நெடுந்தொலைவு காணலாம். கணித மேதை காவுஸ் ஹானோவர் நாட்டை முக்கோண முறையில் அளந்தபோது, அவருக்குப் பயன்பட்ட உயர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று. அவ்வளவைப் பணி 1820-களில் நடைபெற்றது. அம்முக்கோணங்களின் ஒரு பகுதி பிற்காலத்தில் ஜெர்மனியின் பத்து மார்க் நோட்டிலும் அச்சிடப்பட்டிருந்தது.

பனி இழுத்துவந்த பாறைகளைக் கொண்டு பழங்கால மக்கள் ஈமக்கல்லறைகளை எழுப்பினர். பெர்கன் என்னும் ஊருக்கு அருகே அத்தகைய கல்லறைகள் சில உள்ளன. 'ஏழு கல்வீடுகள்' என்பது அவற்றின் பெயர், உள்ளவை ஐந்தே. ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு உழவரும் மேய்ப்பரும் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. இச்செய்தியை நினைவில் கொள்க. ஹைடே எவ்வாறு பிறந்தது என்னும் வினாவிற்கு இது துணைசெய்யும்.

செடிவெளி: மனிதன் ஆக்கிய நிலம்

'ஹைடே' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் வழக்கில் இல்லை. புல்வெளி எனலாமா? அங்குப் புல் சிறிது, செடியே மிகுதி. புதர்க்காடு எனலாமா? செடிகள் முழங்கால் உயரமே உள்ளன. ஆதலின் செடிவெளி என்றே வழங்குவோம். அச்செடியின் பெயர் ஹீத்தர். மெலிந்து விறைத்த தண்டும் செதில் போன்ற நுண்ணிய இலைகளும் உடையது. ஆண்டின் பெரும்பகுதி மங்கிய பழுப்பு நிறத்தில் கிடக்கும். ஆகஸ்டு மாதம் வந்ததும் வெளி முழுவதும் ஊதா நிறம் படர்கிறது. எட்டாம் மாதம் எட்டாம் நாள் தொடங்கி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் வரை பூக்காலம் என்று அவ்வூரார் எளிதாக நினைவில் வைத்திருக்கின்றனர். ஊதா வெளியின் நடுவே கரும்பச்சைத் தூண்கள் போல ஜூனிப்பர் மரங்கள் தனித்தனியே நிற்கும். பாதையோரங்களில் வெண்பட்டை உடைய பிர்ச்சு மரங்களைக் காணலாம்.

இவ்வழகை இயற்கை தானே செய்ததென்று எண்ணுவது எளிது. உண்மையில் அந்நிலத்தைத் தன் போக்கில் விட்டால் அது காடாகிவிடும். மண்ணில் விழும் பிர்ச்சு விதையும் பைன் விதையும் சில ஆண்டுகளில் முளைத்து உயர்ந்து ஹீத்தருக்கு நிழலிடும். நிழலில் ஹீத்தர் வாழாது. காட்டை அழித்ததும், மீண்டும் காடாகாமல் தடுத்ததும் மனிதனும் அவனுடைய ஆடுமே.

காட்டை அழித்தவர் யார் என்பது பற்றி ஒரு கதை பரவலாக வழங்குகிறது. லூனபுர்க் நகரில் புகழ்பெற்ற உப்பளம் ஒன்று இருந்தது. பூமியின் அடியிலிருந்து எடுத்த உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்க விறகு மிகுதியாக வேண்டும். அவ்விறகுக்காகவே காடுகள் வெட்டப்பட்டு ஹைடே உண்டாயிற்று என்பர். மண்ணடுக்கில் புதைந்துள்ள பழைய மகரந்தத்தை ஆராய்ந்தோர், உப்பளம் தோன்றுவதற்கு மிக முன்பே, கற்காலத்திலேயே இங்குச் செடிவெளிகள் இருந்தன என்று கண்டனர். கல்வீடுகளை எழுப்பிய காலத்து மக்களே காட்டைத் திருத்தவும் ஆடுமாடு மேய்க்கவும் தொடங்கிவிட்டனர். உப்பளம் காட்டை மேலும் குறைத்திருக்கலாம். தொடக்கம் அதனுடையது அன்று. அவ்வுப்பளம் 1980-இல் மூடப்பட்டது.

மணல் நிலத்தில் பயிர் செய்வது எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை. மழைநீர் சத்தைக் கீழே கொண்டு போய்விடும். உரம் வாங்க வழியில்லாத காலத்தில் ஹைடே உழவர் ஒரு முறையைக் கையாண்டனர். ஹீத்தர்ச் செடியை வேரோடும் மேல்மண்ணோடும் பாளம் பாளமாக மண்வெட்டியால் செதுக்கி எடுத்தனர். அப்பாளங்களைத் தொழுவத்தில் பரப்பினர். ஆடுமாடுகளின் சாணமும் சிறுநீரும் அதில் ஊறின. பின்னர் அதனை அள்ளி வயலில் இட்டு, ரை என்னும் தானியத்தையும் பக்வீட் என்னும் தானியத்தையும் விளைவித்தனர். செதுக்கிய இடத்தில் வெறும் மணல் தெரியும். அங்கு ஹீத்தர் மீண்டும் தழைக்கப் பத்தாண்டுக்கு மேலாகும். ஆகவே, சிறிய வயல் ஒன்றுக்குப் பெரிய செடிவெளி தேவைப்பட்டது. வெளியின் சத்து வயலுக்குப் போக, வெளி மேலும் ஏழையாயிற்று. ஏழை மண்ணிலே ஹீத்தர் நன்கு வளரும். உழவரின் வறுமையும் ஊதாப்பூவின் செழிப்பும் ஒரே மண்ணில் பிறந்தவை.

அம்மண்ணுக்கு ஏற்ற ஆடு ஒன்றும் இருந்தது. ஹைட்சுனுக்கே என்பது அதன் பெயர். சாம்பல் நிறக் கம்பளி, கருமுகம், வளைந்த கொம்பு. குட்டிகள் பிறக்கும்போது கருநிறமாயிருக்கும். வேறு ஆடுகள் விரும்பாத ஹீத்தர்த் தண்டை இது கடித்து உண்ணும். முளைவிடும் மரக்கன்றுகளையும் விடாது. கடிக்கப்பட்ட ஹீத்தர் புதிதாகத் துளிர்க்கும். கடிக்கப்படாவிட்டால் முதிர்ந்து கட்டையாகிப் பூ குறையும். ஆடு நடந்த நிலமே பூக்கும் நிலமாயிற்று.

மூன்றாவது விளைவு தேன். வைக்கோலைத் திரித்துக் கூடையாகப் பின்னி, சாணமும் மண்ணும் பூசிக் கவிழ்த்து வைத்து அதில் தேனீ வளர்த்தனர். பூக்காலத்தில் கூடைகளை வண்டியில் ஏற்றிச் செடிவெளிக்குக் கொண்டுவருவர். ஹீத்தர்த் தேன் பாகுபோல் இறுகி நிற்பது. எளிதில் வடியாது, பிழிந்தே எடுக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை முழுவதும் சரிந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி வந்தது, ஆட்டுக்கு விலையில்லை. சர்க்கரை வந்தது, தேனுக்கு விலையில்லை. செயற்கை உரம் வந்தது. பாளம் செதுக்கத் தேவையில்லை. ஊர்ப்பொதுவாயிருந்த வெளிகள் தனியார்க்குப் பிரித்தளிக்கப்பட்டன. வெளியை உழுது வயலாக்கினர். எஞ்சியதில் பைன் நட்டனர். சில தலைமுறைகளில் செடிவெளி சிறு சிறு துண்டுகளாகக் குறைந்தது.

அதனைக் காக்க முன்வந்தவர்களுள் ஒருவர் ஏகஸ்டார்ப் என்னும் சிற்றூரின் பாதிரியார் வில்ஹெல்ம் போடே. டோட்டன்குருண்ட் என்னும் பள்ளத்தாக்கு விலைக்கு வந்தபோது, மூன்ஸ்டர் நகரப் பேராசிரியர் ஆந்திரேயாஸ் தாம்சன் கொடுத்த பணத்தைக் கொண்டு 1906-இல் அதனை வாங்கிக் காத்தார். 1909-இல் இயற்கைப் பூங்காச் சங்கம் ஒன்று தோன்றி, மறு ஆண்டு வில்சேடே மேட்டையும் வாங்கியது. 1921-இல் அப்பகுதி இயற்கைக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 234 சதுர கிலோமீட்டர். வில்சேடே சிற்றூருக்குள் வருகையாளர் மோட்டார் வண்டியில் செல்ல முடியாது. நடந்தோ, மிதிவண்டியிலோ, குதிரை வண்டியிலோ போகலாம்.

காப்பு நிலம் என்றால் வேலியிட்டு விட்டுவிடுவது என்று எண்ண வேண்டா. அப்படி விட்டால் சில பத்தாண்டுகளில் ஹைடே மறைந்துபோகும். ஆகவே இன்றும் மேய்ப்பர் சம்பளத்திற்கு ஆடு மேய்க்கின்றனர், இயந்திரம் கொண்டு மேல்மண் செதுக்குகின்றனர், குளிர்காலத்தில் பகுதி பகுதியாகத் தீயிடுகின்றனர், மரக்கன்றுகளைப் பிடுங்குகின்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் படையினர் டாங்கிப் பயிற்சி நடத்தியதால் வெறும் மணலாய்ப் போன சில பகுதிகளும், 1994-இல் பயிற்சி முடிவுற்றபின், மீண்டும் செடிவெளியாக்கப்பட்டன. அண்மைக் காலத்தில் மேய்ப்பருக்குப் புதிய கவலை ஒன்றும் வந்துள்ளது. ஜெர்மனியில் அற்றுப்போயிருந்த ஓநாய் 2000-ஆம் ஆண்டளவில் கிழக்கில் மீண்டும் குட்டியீன்று, பின்னர் ஹைடேக்கும் வந்து சேர்ந்தது. ஆட்டையும் காக்க வேண்டும், ஓநாயையும் காக்க வேண்டும் என்னும் வழக்கு அங்கு இன்னும் தீரவில்லை.

காடு: மனிதன் நட்ட நிலம்

செடிவெளியைக் கடந்ததும் பாதை காட்டினுள் புகுகிறது. ஜெர்மனியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு. ஜெர்மானியர் காட்டின் மீது கொண்ட பற்று பெரிது. காட்டில் யாரும் நடந்து இளைப்பாறலாம் என்னும் உரிமையை, காடு அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், 1975-ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் உறுதி செய்துள்ளது.

ஆயினும் ஹைடேப் பகுதியின் காட்டில் நுழைந்ததும் தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு ஒன்று உடனே புலப்படும். மரங்கள் நிரை பிடித்து நிற்கின்றன. ஒரே வகை, ஒரே வயது, ஒரே உயரம். நம் ரப்பர் நிரையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நட்ட காடு என்பதை ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. மணலுக்கு ஏற்ற மரம் என்று பைனையே மிகுதியாக நட்டனர். ரப்பரோடு அதற்கு இன்னோர் ஒற்றுமையும் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் பைன் காடுகளில் மரப்பட்டையை மீன்முள் வடிவில் சீவி, கீழே கிண்ணம் கட்டிப் பிசின் எடுத்தனர். அரசியல் மாறி இரு ஜெர்மனிகளும் 1990-இல் ஒன்றானபோது அத்தொழில் முடிவுற்றது. பழைய மரங்களில் அவ்வெட்டுத் தழும்பு இன்றும் காணப்படும்.

வெட்டும் அளவுக்கு நடவும் வேண்டும் என்ற எண்ணத்தை நூலாக எழுதியவர் சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ். சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் தட்டுப்படுவதைக் கண்ட அவர், வளர்வதற்கு மேல் வெட்டலாகாது என்று 1713-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். இன்று உலக மேடைகளில் நிலைத்த வளர்ச்சி என்று பேசப்படும் கருத்துக்கு அந்நூலின் சொல்லும் ஒரு வேராக அமைந்தது.

எனினும் எண்ணிக்கை நிறைந்தால் மட்டும் காடு நிறையாது. போருக்குப் பின் பெருமளவில் மரம் வெட்டப்பட்ட இடங்களில் மீண்டும் பைனே நடப்பட்டது. 1972 நவம்பரில் வீசிய பெரும்புயல் வட ஜெர்மனியின் காடுகளைச் சாய்த்தது. 1975 ஆகஸ்டில், வறண்ட கோடையில், ஹைடேப் பகுதியின் பைன் காடுகளில் தீப்பற்றியது. ஒரே வகை மரம், எண்ணெய்ப்பசையுள்ள ஊசியிலை, காய்ந்த தரை. தீ பல நாள் நின்றெரிந்தது. ஏறத்தாழ 8000 ஹெக்டர் நிலம் அழிந்தது. ஆகஸ்டு 10-இல் மைனர்சென் அருகே ஐந்து தீயணைப்பு வீரர்கள் தீயால் சூழப்பட்டு உயிரிழந்தனர். அதற்குப்பின் பைனோடு ஓக்கும் பீச்சும் கலந்து வளர்க்கும் முயற்சி வலுப்பெற்றது. நிரைகளுக்கிடையே இளம் அகலிலை மரங்கள் நிற்கும் இடத்தை நடப்பவர் கண்டால், தீ கற்பித்த பாடத்தைக் காண்கிறார் என்று பொருள்.

சதுப்பு: மனிதன் வடித்த நிலம்

காட்டின் தாழ்ந்த பகுதியில் தரை நெகிழத் தொடங்குகிறது. மரங்கள் குட்டையாகி, பின் மறைந்து, கருநீரும் வெளிர்ப்பச்சைப் பாசியும் தெரிகின்றன. ஷ்னேவர்டிங்கன் ஊருக்கு அருகில் உள்ள பீட்ஸ்மோர் அத்தகைய சதுப்பு. 'மோர்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குச் சதுப்பு என்பது பொருள். நம் மோருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சதுப்பில் இருவகை உண்டு. நிலத்தடி நீரால் வாழ்வது ஒன்று. மழைநீரால் மட்டுமே வாழ்வது மற்றொன்று. பீட்ஸ்மோர் இரண்டாம் வகை. அதனை உண்டாக்குவது ஒரு சிறு பாசி. அதற்கு வேரில்லை. மேற்பகுதி வளர வளர, கீழ்ப்பகுதி இறந்து அமிழும். தன் உலர்ந்த எடையைப்போல் பல மடங்கு நீரைக் கடற்பஞ்சு போல் பிடித்து வைத்திருக்கும். சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடும். புளித்த நீரில் காற்றும் இல்லாதபோது இறந்த பாசி முற்றும் அழுகாமல் கரிமண்ணாகப் படிகிறது. ஓராண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே உயரும். ஆகவே, ஒரு மீட்டர் கரிமண் ஓராயிரம் ஆண்டின் சேமிப்பு.

அழுகாமை காரணமாக அச்சதுப்பு பழமையைக் காத்து வைக்கிறது. ஜெர்மனியின் மேற்கெல்லைச் சதுப்பில் 1900-இல் கரிமண் வெட்டியபோது ஆணின் உடல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் அவர். புளித்த நீரில் ஊறி முடி செந்நிறமாகிவிட்டது. ஹானோவர் அருங்காட்சியகத்தில் அவ்வுடல் உள்ளது. உயிருள்ளவையும் அங்குத் தனித்தன்மை உடையன. மண்ணில் சத்தில்லாமையால் பனித்துளிச் செடி தன் பசையுள்ள மயிர்களால் பூச்சியைப் பிடித்துண்ணும். நம் நாட்டுக் குடுவைச் செடிக்கு அது தூரத்து உறவு, தொழிலாலும் ஒத்தது. வசந்தத்தில் சில நாள்கள் மட்டும் சதுப்புத் தவளையின் ஆண்கள் நீல நிறம் கொள்ளும்.

விறகில்லாத ஊர்களுக்குக் கரிமண்ணே எரிபொருள். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, கரிமண்ணைச் செங்கல் போல் வெட்டி, காய வைத்து எரித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேமன் அருகே டாய்பல்ஸ்மோர் என்னும் பெருஞ்சதுப்பில் ஏழை மக்களைக் குடியேற்றினர். பெயருக்குப் பேய்ச்சதுப்பு என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் விளையாத சதுப்பு என்னும் பழஞ்சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். அங்குக் குடியேறியோரைப் பற்றிய மூதுரை ஒன்று, முதல் தலைமுறைக்குச் சாவும், இரண்டாம் தலைமுறைக்குப் பஞ்சமும், மூன்றாம் தலைமுறைக்கே உணவும் கிடைத்தன என்று கூறுகிறது. காட்டைத் திருத்தித் தோட்டம் கண்ட முன்னோரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இம்மூதுரையை விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் கொடியதும் நிகழ்ந்தது. லூனபுர்க் ஹைடேக்கு மேற்கே, நெதர்லாந்து எல்லையை ஒட்டிய எம்ஸ்லாந்துச் சதுப்பில், ஹிட்லர் ஆட்சி 1933-இல் சிறைமுகாம்களை அமைத்தது. அரசியல் எதிரிகள் வெறும் மண்வெட்டியோடு சதுப்பை வெட்டித் திருத்தும்படி வதைக்கப்பட்டனர். பேர்கர்மோர் முகாமில் இருந்த கைதிகள் 1933 ஆகஸ்டில் தாமே ஒரு பாடல் இயற்றி, தாமே பாடினர். 'சதுப்புப் படைவீரர்' என்னும் அப்பாடல் முகாமின் வேலியைத் தாண்டி ஐரோப்பா எங்கும் பரவியது.

இன்று அறிவியல் வேறொரு கணக்கைச் சொல்கிறது. நீர் வடிந்த கரிமண்ணில் காற்றுப் புகும். பல்லாயிரம் ஆண்டாகச் சேர்ந்த கரி, கரியமில வாயுவாக வெளியேறும். ஜெர்மனியின் சதுப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடிக்கப்பட்டுவிட்டது. அந்நாடு வெளிவிடும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அந்நிலங்களிலிருந்தே வருகிறது. வடிக்கப்பட்ட கரிமண் காய்ந்தால் தீப்பற்றும் என்பதை, 1997-இலும் 2015-இலும் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடிய நாம் நன்கறிவோம். பீட்ஸ்மோரில் 1960-கள் வரை கரிமண் வெட்டினர். பின்னர் வாய்க்கால்களை அடைத்து மழைநீரைத் தேக்கத் தொடங்கினர். இன்று பலகைப் பாதையில் நடப்பவர், பழைய வெட்டுக்குழிகளில் பாசி மீண்டும் படர்வதைக் காணலாம். வெட்ட நெடுங்காலம் ஆகவில்லை. மீள ஆயிரமாண்டு ஆகும்.

நடந்தவர்கள்

நிலத்தைக் கண்டோம், இனி, நடந்தவர்களைக் காண்போம். ஆலைகளும் நகரங்களும் பெருகிய காலத்தில், அன்று பெர்லின் நகரின் புறத்தேயிருந்த ஸ்டேக்லிட்ஸ் என்னும் ஊரில் பள்ளி மாணவர் சிலர் ஆசிரியரும் பெற்றோரும் இன்றித் தாமே காடு சுற்றத் தொடங்கினர். 1901-இல் அக்குழு முறையான சங்கமாயிற்று. 'வாண்டர்போகல்', அதாவது திரியும் பறவை, என்பது அதன் பெயர். தொழிலாளருக்கு 'இயற்கை நண்பர்' என்னும் இயக்கம் 1895-இல் வியன்னாவில் தோன்றி ஜெர்மனியிலும் பரவியது. ஆலையில் ஆறு நாள் உழைத்தவனுக்கும் ஏழாம் நாள் காட்டில் உரிமை உண்டு என்பது அதன் கொள்கை.

நம்மைப்போல் பள்ளியாசிரியராய் இருந்தவர் ரிச்சர்டு ஷிர்மன். அல்டேனா என்னும் ஆலை நகரில் பணியாற்றினார். புகையில் வளரும் பிள்ளைகளை நாட்டுப்புறத்திற்கு அழைத்துச் சென்று, நடந்துகொண்டே பாடம் சொல்வது அவர் வழக்கம். 1909 ஆகஸ்டு 26-ஆம் நாள், அவரும் மாணவரும் இடிமழையில் சிக்கினர். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தனர். பிள்ளைகள் உறங்க, ஆசிரியர் சிந்தித்தார். விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் வெறுமையாகத்தானே கிடக்கின்றன? ஒரு நாள் நடைத்தொலைவுக்கு ஒன்றாக அவற்றில் படுக்கை இட்டால் நடந்துவரும் பிள்ளைகள் எங்கும் தங்கலாமே? இளைஞர் விடுதி என்னும் உலக இயக்கம் இவ்வெண்ணத்தில் பிறந்தது. முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் அல்டேனாக் கோட்டையிலேயே விடுதி அமைந்தது. அங்கிருந்த கனத்த மரக்கட்டில்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

ஆனால், நடை தன்னளவில் நல்லறிவைத் தந்துவிடும் என்று சொல்ல இயலாது. காட்டையும் மண்ணையும் நேசித்த அவ்விளைஞருள் சிலர், மண் தமக்கே உரியது என்று கூறத் தலைப்பட்டனர். 1913 அளவில் வாண்டர்போகலின் சில கிளைகள் யூதப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. யூத இளைஞர் 'நீலம்-வெள்ளை' என்று தமக்கெனத் தனிச்சங்கம் கண்டனர். 1933-இல் ஹிட்லர் ஆட்சி இயற்கை நண்பர் இயக்கத்தைத் தடை செய்தது. வாண்டர்போகல் மரபில் வந்த சங்கங்களைக் கலைத்தது. இளைஞர் விடுதிகளைத் தன் இளைஞர் படைக்கு எடுத்துக்கொண்டது. ஷிர்மனும் பின்னர்ப் பொறுப்புகளிலிருந்து விலக்கப்பட்டார்.

ஹைடேயின் தெற்கில், ஏழு கல்வீடுகளுக்குத் தொலைவில்லாத ஓரிடத்தில், பெர்கன்-பெல்சன் முகாம் இருந்தது. அதில் 52,000-க்கு மேற்பட்ட கைதிகள் மாண்டனர். சிறுமி ஆன் பிராங்கும் அவர்களுள் ஒருத்தி. அதே இடத்துப் போர்க்கைதி முகாமில் ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் சோவியத் வீரர், மாண்டனர். 1945 ஏப்ரல் 15-இல் பிரிட்டிஷ் படை அங்கு வந்து சேர்ந்தது. நோய் பரவாமலிருக்கக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எஞ்சியவை நீண்ட புதைமேடுகள். அவற்றின் மேலும் ஹீத்தரே வளர்ந்திருக்கிறது. ஆகஸ்டில் அதுவும் பூக்கிறது. அழகை மட்டும் காண வந்தவர் இதனையும் ஒரு மேடு என்றே கடந்துவிடக்கூடும். கல்வெட்டைப் படித்தவர் அப்படிக் கடக்கமாட்டார்.

ஆசிரியருக்கு இதில் உள்ளது

2012-இல் ஹாம்பர்க் நகரின் தென்கோடியிலிருந்து செல்லே நகர் வரை 223 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. ஹைட்சுனுக்கே ஆட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. செடிவெளி, காடு, சதுப்பு ஆகிய மூன்றையும் அது இணைக்கிறது. ஜெர்மானியப் பள்ளிகளில் 'நடைநாள்' என்று ஒன்று உண்டு. அந்நாளில் வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு வெளியே செல்லும்.

அங்குப் போக நம்மில் பலருக்கு வாய்ப்பில்லை. வேண்டுவது அவர்களுடைய முறை. நிலத்தைப் பார்த்து வினவப் பழகிய பிள்ளைக்கு வரலாறும் அறிவியலும் வேறு வேறு பாடங்களாகத் தோன்றா. பள்ளியைச் சுற்றி அரைமணி நேரம் நடந்தாலும் போதும். இந்த மரங்கள் ஏன் நிரையாக நிற்கின்றன? இவற்றை நட்டவர் யார்? நடுவதற்கு முன் இங்கு என்ன இருந்தது? இந்த வாய்க்காலை வெட்டியவர் எங்கிருந்து வந்தார்? இந்த நீர் எங்கே போகிறது? இவ்வைந்து வினாக்களையும் பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொண்டு நடக்கட்டும். விடை தெரியாதவற்றை வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியிடம் கேட்டு வரட்டும். அடுத்த வாரக் கட்டுரைப் பாடத்திற்கு வேறு தலைப்புத் தேட வேண்டியிராது.